வேலை நாளில் கனவு வருவதில்லை

இவள் படுத்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாள் என்று என் வீட்டுக்காரர் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். அப்படிப்பட்ட நான்தான் முனைவர் பட்டத்துக்குத் தூக்கப் பிரச்சினைகளை எடுத்துக்கொண்டேன். வெளிநாட்டில் தயாரான ஒரு கேள்வித்தாளைத் தமிழாக்கி, பட்டாசுத் தொழிலாளர்களிடம் கேட்டு, அது இந்த ஊருக்குச் சரிப்படுமா என்று சோதிக்க வேண்டும்.

சோதனை எளிதுதான். ஒரே ஆளிடம் ஒரே கேள்விகளை இரண்டு வாரம் விட்டு இரண்டு முறை கேட்க வேண்டும். அதற்குள் யாருடைய தூக்கமும் தலைகீழாக மாறிவிடாது என்பதால் பதில்களும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். ஒரே மூட்டைக்கு இன்றைக்கு ஓர் எடை, நாளைக்கு ஓர் எடை காட்டுகிற தராசை யாரும் கடையில் வைத்திருக்க மாட்டார்கள். விருதுநகரில் பருப்பு வியாபாரிக்கு மகளாகப் பிறந்த எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

முதல் முறை, தாயில்பட்டியில் கம்பெனி வேனுக்காக ஆட்கள் காத்து நிற்கும் இடத்துக்குக் காலையிலேயே போய்விட்டேன். குறட்டை விடுவதுண்டா என்ற கேள்விக்கு ஓர் அண்ணன் “கிடையவே கிடையாது” என்றார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி, “முழிச்சிருந்து கேட்டீகளாக்கும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் பதினோராவது கேள்வி வந்ததும் சிரிப்பு நின்றுவிடும். கெட்ட கனவு கண்டு விழித்துக்கொள்வதுண்டா? இல்லை, இல்லை, இல்லை. ஒருவர்கூட உண்டு என்று சொல்லவில்லை. வேன் டிரைவர் வேறு ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்.

அந்த டிரைவருக்குப் பயந்து, இரண்டாவது முறை ஞாயிற்றுக்கிழமை வீடுகளுக்கே போனேன். தெருவெல்லாம் கறிக்குழம்பு வாசனை. “வாங்க, சாப்பிட்டீகளா?” என்று கேட்டு உட்கார வைத்துத்தான் பேச்சே ஆரம்பித்தது. மற்ற பதில்கள் பெரும்பாலும் அப்படியே இருந்தன. பதினோராவதுக்கு மட்டும் வீட்டுக்கு வீடு “அடிக்கடி வரும்மா.”

“போன தடவை இல்லைன்னீகளே?” என்று ஓர் அக்காவிடம் கேட்டேன்.

“அன்னைக்கு இல்லைன்னேன்” என்று சொல்லிவிட்டு, எனக்குச் சோறு போட எழுந்து போனார்.

எனக்கு எரிச்சலான எரிச்சல். ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லி என் படிப்பில் மண்ணைப் போடுகிறார்களே என்று பொருமினேன். என் வழிகாட்டிப் பேராசிரியர் பதறவே இல்லை. “அந்த ஒரு கேள்வியைத் தூக்கிடுங்க. இந்த வருஷமே ஆய்வேட்டைக் குடுத்துடலாம்” என்றார். வைத்துக்கொள்வதானால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். தூக்கிவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். மறுநாள் அவர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது, அந்தக் கேள்வியைச் சும்மா அவரிடம் போட்டுப் பார்த்தேன். “அதெல்லாம் இல்லை. காலங்காத்தால என்ன பேச்சு இது?” என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அடுத்த ஞாயிறு, சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்தவரிடம் மறுபடியும் கேட்டேன்.

“வரும். அடிக்கடி வரும்” என்றார், விசிறியை ஆட்டிக்கொண்டே.

“அன்னைக்கு மட்டும் ஏன் இல்லைன்னு சொன்னீக?”

“வெடிமருந்து கலக்குற எடத்துக்குப் போற அன்னைக்கு அதை யாராவது வாயால சொல்லுவாகளா? சொல்லிட்டுப் போனா அது கூடவே வந்துராதா? இன்னைக்கு லீவு. இன்னைக்குச் சொல்லலாம்.”

முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு அது நின்றுவிட்டது. கல்யாணமானதிலிருந்து இவர் பக்கத்தில்தான் படுக்கிறேன். இவர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்த ராத்திரிகளிலெல்லாம் நான் இடி விழுந்தாலும் எழாமல் தூங்கியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. என்ன கனவு என்று கேட்க வாய் வரவில்லை.

பதினோராவது கேள்வியை நான் தூக்கவில்லை. பேராசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். இரண்டு முறையுமே ஞாயிற்றுக்கிழமையில் கேட்பது என்று வைத்துக்கொண்டு, வேறு தெருக்களில் முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஆய்வேடு ஒரு வருடம் தள்ளிப்போனது, நானும் கறிக்குழம்பு சாப்பிட்டே ஒரு சுற்றுப் பெருத்தேன். ஆனால் பதில்கள் ஒத்துப்போயின. பட்டமும் வந்தது.

இப்போதெல்லாம் என் தூக்கம் லேசாகிவிட்டது. அவர் புரண்டாலே விழித்துக்கொள்கிறேன். போன திங்கட்கிழமை காலை சாப்பாட்டுத் தூக்கை அவர் கையில் கொடுத்தபோது, “நல்லாத் தூங்குனீகளா?” என்று கேட்டேன்.

“நல்லாத் தூங்குனேன். நீ?”

“நானும்தான்” என்றேன்.