என் பையனுக்குப் பூணூல்

பையனுக்குப் பூணூல் போடுவது என்று நானும் மனைவியும் முடிவு செய்தபோது ஸ்ரீரங்கத்துச் சொந்தக்காரர்கள் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சத்தமில்லாமல் முடித்துவிடு என்றார்கள். அதில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவன் கைக்குழந்தையாக இருந்தபோதே திருச்சி தென்னூரில் ஒரு டாக்டர் பரிசோதனைப் படத்தைக் காட்டி விளக்கியிருந்தார். குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாக நிற்கும் படம். இருபத்தொன்றாம் இடத்தில் மட்டும் இரண்டுக்குப் பதில் மூன்று. டவுன் சிண்ட்ரோம். அப்பா போன பிறகு எங்கள் வீட்டுக்குப் பெரியவர் பெரியப்பாதான். இது எந்தப் பக்கத்து வம்சத்திலிருந்து வந்தது என்று கேட்டார். இரண்டு பக்கமும் இல்லை, கரு உருவாவதற்கு முன்பே ஒரு செல் பிரியும்போது நேர்ந்த பிசகு, யார் மேலும் குற்றமில்லை என்று டாக்டர் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். பெரியப்பா என் மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போது அவருடைய கேள்வி வேறு.

"மந்திரம் அவன் வாய்ல வருமோடா? ஊரையெல்லாம் கூப்பிட்டு வச்சுண்டு, அத்தனை பேர் முன்னாடி நீ முழிக்கணுமா?"

கேட்டதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. அதனாலேயே கோபம் இரண்டு மடங்கானது. பையனுக்கு நாக்கு சற்றுத் தளர்ச்சி, 'ர' எழும்பாது. முன்கூட்டியே பழக்கலாம் என்றால், பூணூல் அன்றைக்கு அப்பா காதில் உபதேசம் செய்வதற்கு முன்னால் காயத்ரி மந்திரத்தை அவன் காதில் போடக் கூடாது. சரி, மந்திரம் அப்புறம் வரட்டும், நாக்கைப் பழக்குவோம் என்று இறங்கினோம். ஸ்பீச் தெரபிஸ்ட் சொன்னபடி மேலுதட்டில் தேன் தடவி நக்க வைத்தோம். காலையில் விசில், சாயங்காலம் சோப்புத் தண்ணீரில் குமிழி ஊதுவது. காந்தி மார்க்கெட்டுக்கு வாழையிலை சொல்லப் போன அன்றும் கடை போர்டு ஒன்று விடாமல் உரக்கப் படிக்க வைத்தேன். பூணூல் பத்திரிகையையும் ஒரு வீடு விடாமல் கொடுத்தேன்.

எல்லோரும் வந்தார்கள். பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்பது எனக்குத் தெரியும். உபதேச நேரத்தில், சடங்கை நடத்திய வாத்தியார் என்னையும் மனைவியையும் பையனையும் பட்டுத் துணியால் மூடினார். உள்ளே புழுக்கம், ஹோமப் புகை வேறு. அவன் என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். நான் அவன் காதில் சொன்னேன்.

துணியை விலக்கியபோது கூடமே எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெரியப்பா கிட்டே வந்து தணிந்த குரலில் கேட்டார்.

"சொன்னானோ?"

"துணிக்குள்ள நடந்ததை வெளில கேக்கப்படாதுன்னு என் பூணூலப்போ நீங்கதானே பெரியப்பா சொன்னேள்?"

பையன் அவரை விழுந்து சேவித்தான். மற்றப் பிள்ளைகளுக்குச் செய்வது போலவே தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தார்.

இன்றைக்கும் சிலர் சுற்றி வளைத்து அதையே கேட்கிறார்கள். வேறெந்தப் பிள்ளையின் அப்பாவிடமும் யாரும் இதைக் கேட்பதில்லை. என்னிடமும் கேட்காதீர்கள்.