யோகக்காவின் தாளில் ஒரு திருத்தம்

கர்க்லாண்டில் நான் வேலை செய்யும் களஞ்சியத்தின் சாப்பாட்டு அறையில், என் மதியச் சாப்பாடு மைக்ரோவேவுக்குள் சுற்றிக்கொண்டிருந்தபோது அபிராமி அழைத்தாள். "அங்கிள், அம்மா போயிட்டா" என்றாள். அதற்குமேல் அவளுக்குத் தமிழ் வரவில்லை. பிரெஞ்சில் இரண்டு வசனம் சொன்னாள், அழுதாள், வைத்துவிட்டாள். எனக்கு எதிரே வழமைபோல் சிறி இருந்தான். பல வருடங்களாக நானும் அவனும் ஒரே மேசையில்தான் சாப்பிடுகிறோம்.

"ஆரண்ணை?" என்று கேட்டான்.

"யோகக்கா. காலமை ஆஸ்பத்திரியில முடிஞ்சுதாம்."

சிறி கரண்டியைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்தான். "எங்கடை ஜெயந்தி கடைசி மட்டும் அவவோடை கதைக்கேல்லை" என்று மனைவியைப் பற்றிச் சொன்னான். பிறகு, "இனி என்ன செய்யிறது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அந்த இடத்தில் நான் அவனுக்குச் சொல்லவேண்டிய ஒரு விஷயம் இருந்தது. மைக்ரோவேவ் நின்று கத்தியது. எழுந்து போய் என் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வந்தேன்.

ரொக்ஸ்பரோவிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கும் உங்களில் பலருக்கு யோகேஸ்வரி என்ற யோகக்காவை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அவருடைய தூள்தான் உங்கள் கறிகளில் இருக்கிறது. அந்தத் தூள் பைக்கற்றோடு நான்காக மடித்து வந்த 'அயலட்டை' என்ற ஒற்றைத் தாளையும் நீங்கள் அறிவீர்கள். தும்மாமல் அதை வாசித்து முடித்தவர்கள் குறைவு. பஸ் பாதை மாறியது, பிள்ளைகளைப் பகலில் விடும் கார்தெரியில் எங்கே இடம் இருக்கிறது, பனி அள்ளும் நாளில் எந்தப் பக்கம் கார் விடக்கூடாது, நகரசபைக் கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் தமிழில் அந்தத் தாளில்தான் வந்தன. அக்கா ஊரில் ஒரு பத்திரிகையில் புரூஃப் பார்த்தவர். இங்கே தையல் தொழிற்சாலையில் காலத்தைக் கழித்து, ஓய்வெடுக்கவேண்டிய வயதில் இந்த இரண்டு வேலையையும் ஒன்றாகத் தொடங்கினார்.

ஏன் ஒன்றாக என்று கேட்டால், ஒரு பலசரக்குக் கடைக்காரரின் கதையைச் சொல்வார். அந்த மனிதர் அக்காவின் தூளைத் தன் கடையில் வைக்கத் தயாராக இருந்தார். பதிலுக்குத் தாளில் தன் விளம்பரம் பெரிதாக வரவேண்டும் என்று கேட்டார். அக்கா தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார். "அவரின்ரை விளம்பரத்தைப் போட்டால், நாளைக்கு அவரின்ரை கடையில மீன் நாறினால் நான் என்னெண்டு எழுதுறது? தாளுக்குச் சோறு போட என்ரை தூள் காணும்" என்றார். அது உண்மைதான். தூள் விற்ற காசில்தான் தாளும் மையும் வந்தன, எவருக்கும் பல்லிளிக்கத் தேவை இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அவருடைய கராஜில் மிளகாயும் மல்லியும் வறுபடும். கதவைப் பாதி திறந்து, மின்விசிறியை வெளிப்பக்கம் திருப்பி வைத்திருப்பார். அப்படியும் பக்கத்து வீட்டுக்காரர் இருமிக்கொண்டே பொன்ஜூர் சொல்வார். அக்கா தாச்சியைக் கிண்ட, நான் ஆழ்குளிர்ப்பெட்டிக்குமேல் இருந்த பிரிண்டருக்குப் பக்கத்தில் நின்று, அந்த வாரச் செய்திகளை உரத்து வாசிப்பேன். எனக்குக் கொஞ்சம் இலக்கியமாக எழுதும் வியாதி உண்டு. பனியைப் பற்றி எழுதச் சொன்னால் வானத்தில் தொடங்குவேன். அக்காவிடம் ஒரே ஒரு விதிதான். "மல்லி வறுபட முந்தி வாசிச்சு முடியாத செய்தி எங்களுக்கு வேண்டாம், நேசன்." வாசனை எழும்பியதும் கையைத் தூக்கிவிடுவார். அதற்குப் பிறகு இருந்ததெல்லாம் வெட்டு. என்னுடைய அருமையான முடிவுகள் பல அந்தக் கராஜில் போயின. இப்போது நினைத்தால் ஒன்றுகூட ஞாபகமில்லை, ஆகவே பெரிய நட்டமில்லை.

ஒருமுறை வெந்தயம் கருகிவிட்டது. அக்கா அதைக் கவனித்தது விநியோகம் முடிந்த மறுநாள், தன் சொந்தக் கறியை வாயில் வைத்தபோதுதான். உடனே வீட்டு விலாசங்கள் எழுதிய கொப்பியை எடுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். நான் கார் ஓட்ட, அவர் ஒவ்வொரு கதவாகத் தட்டிக் கசந்த தூளை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்தார். ஒரு வீட்டில், "அக்கா, அது கறியாகி, தின்னும் முடிஞ்சுது" என்றார்கள். "அப்ப என்னை ஏசுங்கோ. கேட்டுட்டுப் போறன்" என்று வாசலில் நின்றார். அந்த வீட்டுக்காரர் ஏசத் தெரியாமல் சிரித்துவிட்டார். தாளில் பிழை வந்தாலும் இதே பிடிவாதம்தான். "பிழை எது, சரி எது, பிழை விட்டது ஆர். மூண்டும் இல்லாட்டி அது திருத்தமில்லை" என்பார்.

இனி, நான் சொல்லவேண்டியதற்கு வருகிறேன்.

ஒரு கோடையில் அக்கா தமையனின் மகளுடைய கலியாணத்துக்கு ரொறன்ரோ போனார். தூள் ஏற்கனவே அரைத்துக் கட்டியிருந்தது. "தாளை நீர் பாத்து முடிச்சுவிடும்" என்று கராஜ் திறப்பை என்னிடம் தந்தார். எனக்குத் தலை கொஞ்சம் வீங்கியது. தாளின் அடியில் ஒரு சிறு இடம் மிஞ்சியது. அந்த வாரம் நடந்த பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டிக்குப் பிறகு சிலருக்கு வாந்தி என்று கோயில் வாசலில் கதைத்தார்கள். அன்றைய சாப்பாடு இடியப்பமும் சம்பலும். செய்து கொடுத்தவர் ஜெயந்தி, சிறியின் மனைவி. வீட்டில் வைத்து ஓடருக்கு இடியப்பம் அவிப்பவர். நான் பெயர் போடவில்லை. 'ரொக்ஸ்பரோவில் வீட்டிலிருந்து இடியப்பம் செய்து விற்பவரின் உணவே காரணம் எனத் தெரிகிறது' என்று எழுதினேன். பெயர் இல்லாதபடியால் குற்றமில்லை என்று நினைத்தேன். ரொக்ஸ்பரோவில் அப்படிச் செய்து விற்றவர் ஒரே ஒருவர்தான்.

திங்கட்கிழமைக்குள் ஜெயந்தியின் ஓடர்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவர் அப்போதுதான் சிறிதாகத் தூளும் இடிக்கத் தொடங்கியிருந்தார். ஆகவே சனங்கள் மற்றக் கணக்கையும் போட்டுவிட்டார்கள்: யோகக்கா போட்டிக்காரியைத் தாளால் அடித்துவிட்டாராம். தாளில் எங்கள் பெயர்கள் வருவதில்லை. அடியில் 'ஆசிரியர்: யோகேஸ்வரி' என்று மட்டும்தான் இருக்கும்.

அக்கா திரும்பி வந்து, பெட்டியை இறக்காமலே கராஜுக்குப் போய்த் தாளை வாசித்தார்.

"ஆரைக் கேட்டனீர்?"

"எல்லாரும் கதைச்சவை, அக்கா."

"எல்லாரும் எண்டு ஒரு ஆள் இந்த ஊரில இல்லை, நேசன். பேரைச் சொல்லும்."

என்னிடம் பெயர் இருக்கவில்லை. அவர் தொலைபேசியை எடுத்தார். ஒரு பின்னேரம் முழுக்கத் தாய்மாரோடு கதைத்தார். விளையாட்டுப் போட்டிக்கு முன்னமே ஒரு கார்தெரியில் அந்த வாந்தி தொடங்கியிருந்தது. போட்டிக்கு வராத பிள்ளைகளும் படுத்திருந்தார்கள். போட்டிக்கு வந்தவர்களில் முதலில் வாந்தியெடுத்த மூன்று பிள்ளைகள் இடியப்பத்தைத் தொடவேயில்லை. இதையெல்லாம் ஒரு பின்னேரத்தில் அறியலாம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அடுத்த வெள்ளி, தாச்சி அடுப்பில் இருக்க, அவர் திருத்தத்தை எழுதினார். பிழை எது, சரி எது என்பது முடிந்தது. மூன்றாவது வரிக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"உம்மடை பேரைப் போடவோ?"

நான் தாச்சியைப் பார்த்தேன். களஞ்சியத்தில் சிறியோடு ஒரே மேசையில் எப்படிச் சாப்பிடுவது என்று யோசித்தேன். எங்கள் பழைய மாணவர் சங்கத்தில் அந்த வருடம் என்னைச் செயலாளராக்கப் போகிறார்கள் என்பதையும் யோசித்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதைத்தான் யோசித்தேன். மல்லி வாசனை எழும்பிவிட்டது. அக்கா "சரி" என்றார். 'பிழை விட்டவர்: ஆசிரியர் யோகேஸ்வரி' என்று எழுதினார். அதற்குப் பிறகு ஒருநாளும் அவர் அதைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை.

பழைய தாளைத் திருப்பி எடுக்கப் புறப்பட்டோம், கசந்த தூளை எடுத்ததைப்போலவே. அன்று மழை. நான் கார் ஓட்டினேன். அவர் குடையோடு கதவு கதவாக ஏறி இறங்கினார். நீங்கள் அவரை அன்று பார்த்திருப்பீர்கள். தாளை எறிந்துவிட்டோம் என்று சொன்னவர்களுக்கு, "தாள் இல்லையெண்டால் காதைத் தாங்கோ" என்று சொல்லித் திருத்தத்தை வாசலில் நின்று முழுதாக வாசித்தார். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் விவசாயம் படிக்க வந்த தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தி, பின்பக்கத்தில் பஸ் நேரங்கள் இருந்ததால் தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருந்தாள். "ஆன்ட்டி, இதை எடுத்துட்டா நான் காலேஜுக்கு எப்படிப் போறது?" என்று கேட்டாளாம். அக்கா அவளிடம் கத்தரிக்கோல் வாங்கி அந்தச் செய்தியை மட்டும் வெட்டினார். பின்பக்கம் ஒரு பஸ் குறைந்துவிட்டது என்று காரில் ஏறியதும் கவலைப்பட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று என்னால் சிரிக்கவும் முடிந்திருக்கிறது.

கடைசியாக ஜெயந்தி வீடு. அக்கா படியேறி மணியடித்தார். கதவு திறந்தது. அவர் என்னவோ சொன்னார், கையைக் கூப்பினார். கதவு மூடியது. மூடிய கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கி வந்தார். வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது, நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "போவம்" என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பலர் அக்காவின் தூளை நிறுத்தினார்கள். ஜெயந்தியின் ஓடர்கள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. அதற்கு அந்தத் திருத்தம்தான் காரணம். ஆனால் ஜெயந்தி அக்காவை மன்னிக்கவில்லை. கோயிலில் கண்டால் மற்றப் பக்கத்தால் போவார். ஒவ்வொரு வருடமும் அக்கா புதுத்தூளில் முதல் பைக்கற்றை அவர் வாசலில் வைத்துவிட்டு வருவார். அது அடுத்த நாள் அக்காவின் வாசலுக்குத் திரும்பி வரும். நான் சங்கத்தின் செயலாளரானேன். சிறியோடு சாப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோதெல்லாம் அக்கா, "ஜெயந்தி எப்பிடி இருக்கிறா?" என்று கேட்டார். கண்ணில் குற்றச்சாட்டு ஏதும் இருக்கவில்லை, சுகம்தான் விசாரித்தார். "நல்லா இருக்கிறா" என்று சொல்லிவிட்டுத் தலையணையைச் சரிசெய்தேன். சொல்வதற்கு எனக்கு அத்தனை நாட்கள் இருந்தன.

அக்காவின் உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் ஜெயந்தி வந்து கடைசி வரிசையில் இருந்தார். எழுந்து பெட்டிக்குப் பக்கத்தில் போகவில்லை. அதைப் பார்த்த பிறகு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை, இதுவரை நீங்கள் வாசித்ததை எழுதி எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். காரை நிறுத்தி இறங்கினேன். வாசலில் நின்றபடியே வாசித்தேன். சிறி பாதியில் உள்ளே போய்விட்டான். ஜெயந்தி கடைசிவரை நின்று கேட்டார்.

"அபிராமி ஆஸ்பத்திரியில இருந்து ரெலிபோன் எடுத்தவள்" என்றார். "அம்மா கேக்கிறா, ஒருக்கா வந்திட்டுப் போங்கோ எண்டு. நான் போகேல்லை. நீங்கள் ஒரு கிழமைக்கு முந்திச் சொல்லியிருந்தால் நான் போயிருப்பன்."

எப்போதும் என்னை அண்ணை என்று கூப்பிடுபவர், அன்று அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. கதவைச் சாத்துமுன், "இதையும் எழுதுங்கோ" என்றார். எழுதிவிட்டேன்.

பிழை: அந்தச் சாப்பாட்டால் பிள்ளைகளுக்கு வருத்தம் வந்தது என்றதும், அதை எழுதியவர் யோகேஸ்வரி என்றதும். சரி: ஜெயந்தியின் சாப்பாட்டில் எந்தப் பழுதும் இருக்கவில்லை, யோகக்கா அதை எழுதவில்லை. பிழை விட்டவர்: நேசன்.

ஞாபகத்துக்கு அம்மாவின் பொருள் ஏதாவது வேண்டுமா என்று அபிராமி கேட்டாள். வீட்டு விலாசக் கொப்பியை வாங்கிக்கொண்டேன். அதன் மட்டையில் மஞ்சள் விரல் அடையாளங்கள் இருக்கின்றன. அக்கா கடைசியாக அரைத்த தூள் கொஞ்சம் ஆழ்குளிர்ப்பெட்டியில் இருந்தது. அதைச் சிறு பைக்கற்றுகளாகக் கட்டியிருக்கிறேன். இந்தத் தாளை நான்காக மடித்து ஒவ்வொன்றோடும் வைத்திருக்கிறேன். கொப்பியில் இருக்கும் ஒழுங்கில் வருவேன், கதவைத் தட்டுவது இந்த முறை நான்தான். தாள் வேண்டாம் என்றால் காதைத் தாருங்கள்.