கைத்தட்டலை அளந்த பெட்டி

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் எலக்ட்ரீஷியனாக இருக்கும் தொழிற்சாலையின் ஆண்டு விழாவுக்கு, கைத்தட்டலை அளக்கும் பெட்டி ஒன்று செய்தேன். உனக்கு இது தேவையா என்று என் மனைவி அப்போதே கேட்டாள். அவள் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

காண்டிராக்ட் ஆட்களில் ஒருவரை பர்மனென்ட் ஆக்குவதாக நிர்வாகம் சொல்லியிருந்தது. கடைசியில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் ஸ்டோர் ஆபீசில் கம்ப்யூட்டர் பார்ப்பவர். மற்றவன் பிரஸ் ஷாப்பில் தகடு வெட்டும் என் நண்பன். ஓட்டு வைத்தால் சண்டை வருமாம். யாருக்குக் கைத்தட்டல் அதிகமோ அவருக்கு வேலை என்றார் மேனேஜர். நண்பனின் காண்டிராக்ட் அந்த மாதத்தோடு முடிகிறது. வயது முப்பத்தாறு. அந்த வயதில் எந்தக் கம்பெனி கேட்டிலும் புதிதாகச் சேர்க்க மாட்டார்கள். ஆனால் பிரஸ் ஷாப்பில் நூறு பேர், ஆபீசில் இருபது பேர். வேலை கிடைத்த மாதிரிதான் என்று அவன் மனைவிக்கு நானே போன் போட்டுச் சொன்னேன். என் நாக்கில் சனி.

பழைய பேனல் போர்டிலிருந்து கழற்றிய முள் மீட்டர், ஒரு மைக், சின்ன ஆம்பிளிஃபையர். பெட்டி அவ்வளவுதான். ஷெட்டில் தட்டிப் பார்த்தேன், முள் துள்ளியது. கம்ப்ரசர் சத்தத்துக்கும் துள்ளியது. என் கெட்டிக்காரத்தனம் சும்மா இருக்குமா? கனத்த, மந்தமான ஓசை மீட்டருக்குப் போகாதபடி ஒரு கெப்பாசிட்டர் வைத்துத் தடுத்தேன். முள் அடங்கியது. பெருமையாக இருந்தது.

விழாவுக்கு பிரஸ் ஷாப் ஆட்களைக் கால் மணி நேரம்தான் விட்டார்கள். தகட்டுப் பிசிறு மணிக்கட்டைக் கிழித்துவிடும் என்று அங்கே எல்லோரும் கையுறைமேல் டேப் சுற்றியிருப்பார்கள். கால் மணிக்காக அதை யார் பிரிப்பார்கள்? அப்படியே வந்து பின்னால் நின்றார்கள்.

முதலில் ஸ்டோர்காரர் மேடையேறினார். ஆபீஸ்காரர்கள் வெறுங்கையால் தட்டினார்கள். முள் பாதியைத் தாண்டியது. அடுத்து என் நண்பன். நூறு பேரும் கையைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டினார்கள். தலையணையை அடிக்கிற மாதிரி தொப் தொப்பென்று கேட்டது. முள் கால்வாசிகூட ஏறவில்லை. கையுறையின் மந்த ஓசையைத்தான் நான் தடுத்து வைத்திருந்தேனே! அந்த நொடியே புரிந்துவிட்டது.

பின்னால் கூச்சல் கிளம்பியது. மேனேஜர் என்னைப் பார்த்து, பெட்டி சரியாகத்தானே வேலை செய்கிறது என்று மைக்கிலேயே கேட்டார். முதலாளியும் திரும்பிப் பார்த்தார். நான் தலையாட்டினேன். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? என் மானம் போகும், வேலைக்கும் ஆபத்து வரும் என்ற பயம். அவ்வளவுதான் நான். வேலை ஸ்டோர்காரருக்குப் போனது.

மாலையில் ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். மனசு தாங்காமல் கையுறை, கெப்பாசிட்டர் எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"இத்த எப்பண்ணா கண்டுபுடிச்ச?"

பொய் சொல்லியிருக்கலாம். நீ மேடையில் நிற்கும்போதே என்றேன்.

"அப்ப, தெரிஞ்சிக்கினேதான் தலைய ஆட்டினியா?"

நான் குனிந்துகொண்டேன். கவரைப்பேட்டை வந்ததும் அவன் இறங்கி அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டான். பொன்னேரியில் இறங்கியதும் கூட்டத்துக்குள் தேடிப் பிடித்து, தம்பி என்று கூப்பிட்டேன். அவன் திரும்பாமல், பக்கத்து ஊரான ஆரணிக்குப் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டான்.