நானே நின்றுவிட்டேன் என்று சொன்னவள்

என் பெயர் கிரேஸ். நம் சபையில் கடைசி வரிசையில் ஜன்னலோரம் உட்காருகிறவள் என்றால் சிலருக்கு அடையாளம் தெரியலாம். ஆராதனை முடிந்ததும் முதல் ஆளாகச் செருப்பைத் தேடுகிறவளும் நான்தான். அப்படி ஓடியே பழகிய என்னை ஆண்டவர் எப்படிப் பிடித்து நிறுத்தினார் என்று சொல்லத்தான் இன்று முன்னால் வந்திருக்கிறேன்.

போன வருஷம் மழைக்காலம் தொடங்கும்போது எனக்கு வேலை போனது. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில், பை தைக்கும் கம்பெனி ஒன்றில் பல வருஷமாகத் தையல் மெஷினில் இருந்தேன். எங்கள் பிரிவை மூடுகிறோம், இந்த மாதத்தோடு சரி என்று ஒரு நாள் சொன்னார்கள். சண்டை ஒன்றும் இல்லை. மெஷினைத் துணி போட்டு மூடிவிட்டு எல்லாரும் வீட்டுக்கு வந்தோம்.

அம்மா இறந்த பிறகு நான் தனியாகத்தான் இருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. தம்பி குடும்பம் சென்னையில். பண்டிகைக்குப் பண்டிகை போன் வரும். வேலை இருந்தவரை இதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. கம்பெனி வண்டியில் போக வர ஒரே கூச்சல், அதுவே துணையாக இருந்தது. வேலை போன பிறகும் காலையில் அதே நேரத்துக்கு முழிப்பு வந்துவிடும். தலை வாரிப் பூ வைத்துக்கொள்வேன். பிறகுதான், எங்கே போக என்று கட்டிலிலேயே உட்கார்ந்துவிடுவேன். சில நாள் பால்காரரிடம் "அரை லிட்டர்" என்று சொன்னதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும்.

வீட்டுக்கார அம்மா ஒரு நாள் கேட்டார்.

"இன்னா கிரேஸு, வேலைக்குப் போகல?"

"நானே நின்னுட்டேங்க. ஒடம்புக்கு ஒத்துக்கல."

ஏன் அப்படிச் சொன்னேன் என்கிறீர்களா? நம் பக்கத்தில் ஒருத்தியை வேலையை விட்டு அனுப்பினார்கள் என்றால், கை சுத்தமில்லையோ, வாய் நீளமோ என்றுதான் முதலில் நினைப்பார்கள். நானே நின்றேன் என்றால் கௌரவம். அதுவும் தனியாக இருக்கிற பெண்ணுக்கு அந்தக் கௌரவம் கொஞ்சம் அதிகமாகவே தேவைப்படுகிறது. தம்பியிடமும் அதையே சொன்னேன். சபையில் கேட்டவர்களிடமும் அதையே சொன்னேன். நாளாக ஆக எனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் வாடகைக்கு என்ன செய்வது? அறையைக் காலி செய்தால் தம்பி வீட்டுக்குத்தான் போகவேண்டும். அங்கே எனக்கு இடமில்லை என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சம்பளத்தில் மாதாமாதம் தொழிலாளர் காப்பீட்டுக்கு என்று பிடித்திருந்தார்கள். வேலை போனவர்களுக்கு அதிலிருந்து சில மாதம் உதவி கிடைக்கும் என்று கம்பெனியில் பேசிக்கொண்டது ஞாபகம் வந்தது. அதை நம்பி விழுப்புரம் ஆபீசுக்குப் போனேன். அந்த அதிகாரி நல்ல மனிதர். தன்மையாகத்தான் கேட்டார்.

"வேலை எப்படிம்மா போச்சு?"

"நானே நின்னுட்டேங்க."

யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"தானா நின்னவங்களுக்கு இந்த உதவி கெடையாதும்மா. கம்பெனிய மூடியிருக்கணும், இல்ல அவங்களா ஆளக் கொறச்சிருக்கணும். கூட யாராச்சும் வந்திருக்காங்களா?"

"யாரும் இல்லீங்க."

திருத்திச் சொல்லியிருக்கலாம். பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். என்னை அனுப்பிவிட்டார்கள் என்று அத்தனை பேர் காதுபடச் சொல்ல எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. திண்டிவனம் வரும்வரை பஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பார்த்தார்.

அன்றைக்கு அறைக்கு வந்து முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, பணம் அப்புறம் வரட்டும். என்னைப் பற்றி உண்மை தெரிந்த ஒரு ஆளையாவது எனக்குக் கொடும்" என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

நம் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒவ்வொருவராக விண்ணப்பத்தைச் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் அதற்காகச் சத்தமாக ஜெபிக்க வேண்டும். வாய் திறந்து சொல்ல முடியாதவர்கள் "சொல்ல முடியாத விண்ணப்பம்" என்று சொன்னால் போதும். வேலை போன நாளிலிருந்து நான் வாராவாரம் அதைச் சொல்லியே தப்பித்துக்கொண்டிருந்தேன். அந்த வெள்ளிக்கிழமை என் பக்கத்தில் பாக்கியம் அக்கா வந்து உட்கார்ந்தார். பஸ் ஸ்டாண்டில் வேர்க்கடலையை வேகவைத்து, மல்லாட்டை மல்லாட்டை என்று கூவி விற்கிற நம் பாக்கியம் அக்காதான். என் முறை வந்தது. வழக்கம்போலச் சொன்னேன். அக்கா ஜெபிக்கவில்லை. குரலைத் தாழ்த்துகிற பழக்கம்தான் அவருக்குக் கிடையாதே.

"இன்னா வேணும்னே தெரியாம நான் இன்னாத்த கேக்கறது கிரேஸு? ஆண்டவரு திருப்பிக் கேட்டா நான் இன்னா சொல்றது?"

நாலு பேர் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. எழுந்து போயிருப்பேன். அக்கா என் கையைப் பிடித்திருந்தார். அந்தப் பிடியில் என்ன இருந்ததோ, அடக்கி வைத்ததெல்லாம் உடைந்துவிட்டது.

"என்னைய வேலைய விட்டு அனுப்பிட்டாங்கக்கா. நானா நிக்கல."

வேறு எந்த மனிதரிடமும் நான் அதுவரை அதைச் சொன்னதில்லை. யாரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை. அக்கா கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, கம்பெனில இவள அனுப்பிட்டாங்க. நீங்க பாத்துக்கினுதான இருந்தீங்க. ஒரு வழி பண்ணுங்க. ஆமென்."

அவ்வளவுதான் ஜெபம். கண்ணைத் திறந்ததும் என்னைக் கேட்டார்.

"ஆபீஸ்ல இதச் சொன்னியா?"

"இல்லக்கா."

"அப்ப திங்கக்கெழம நான் யாவாரத்துக்குப் போவல. வா, போலாம்."

திங்கட்கிழமை இரண்டு பேரும் விழுப்புரம் போனோம். அதே அதிகாரி. வரிசையில் அன்றைக்கும் ஆட்கள் நின்றார்கள்.

"சார், எங்க பிரிவ மூடிட்டாங்க. அன்னைக்கு வெக்கப்பட்டுக்கினு மாத்திச் சொல்லிட்டேன்" என்றேன்.

அவர் கம்ப்யூட்டரில் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மூடிட்டோம்னுதாம்மா கம்பெனியே சொல்லியிருக்கு. உங்ககூட வேல செஞ்சவங்க அப்பவே வந்து எழுதிக் குடுத்துட்டுப் போய்ட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் நானே நின்னுட்டேன்னு சொன்னது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை நாள் அந்தப் பொய்யை இந்த உலகத்தில் சொன்னது நான் ஒருத்திதான். மற்ற எல்லாரும் எனக்கு வழிவிட்டுத்தான் நின்றிருந்தார்கள்.

"கூட வந்திருக்கறது யாரு?" என்று கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் பாக்கியம் அக்கா, "அவ அக்கா" என்றார்.

உதவி கிடைத்தது. சில மாதம்தான், பாதிச் சம்பளம் அளவுக்குத்தான். அதற்குள் நேரு வீதிப் பக்கம் ஒரு தையல் கடையில் ஆண்டவர் எனக்கு வேலை கொடுத்தார். அறையைக் காலி செய்யவில்லை. தனிமை அடியோடு போய்விட்டது என்று சாட்சி சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். சாயங்காலம் விளக்குப் போடும்போது இன்னும் வருகிறது. ஆனால் அந்த நேரத்துக்குத்தான் யாவாரம் முடிந்த பாக்கியம் அக்காவும் மீந்த மல்லாட்டையோடு வருகிறார்.

எனக்குச் செய்தவர் உங்களுக்கும் செய்வார். ஆனால் உங்கள் பாரத்தை உள்ளது உள்ளபடி, அதன் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அவருக்கு எல்லாம் தெரியும்தான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாதே. ஆண்டவர் பெரும்பாலும் பக்கத்தில் இருக்கிற அந்த ஆளைத்தான் உதவிக்கு அனுப்புகிறார்.

போன வெள்ளிக்கிழமை ஜன்னலோரம் ஒரு புதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் முறை வந்தபோது, "சொல்ல முடியாத விண்ணப்பம்" என்றாள். நான் எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன்.