சொறி சொல்வதும் பொருத்தம் கேட்பதும்

நான் வேலை செய்யும் இடத்தில் மன்னிப்புக் கேட்பதற்கென்று ஒரு தாள் இருக்கிறது. அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, கணினித் திரைக்குக் கீழே ஒட்டியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் வடக்கே ஒரு நகரத்தில், பார்சல் அனுப்பும் கம்பெனி ஒன்றின் தொலைபேசிப் பிரிவு அது. பார்சல் வரவில்லை, உடைந்து வந்தது, மழையில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று அழைப்பவர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டும். வலது காதுக்கு மட்டும் ஹெட்செட் தந்திருக்கிறார்கள். இடது காது சும்மா இருக்கும். பக்கத்து மேசைக்காரர்கள் சொல்லும் 'சொறி' எல்லாம் அதில் விழுந்துகொண்டிருக்கும். கண்ணால் கண்டிராத பார்சல்களுக்காக நாள் முழுக்க மன்னிப்புக் கேட்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்றால் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள்.

சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு வயதான பெண் அழைத்தார். மகளின் கல்யாணத்துக்கு வாங்கிய கோப்பைகள் தூளாக வந்திருக்கின்றன என்று அழுதார். எனக்கு மனம் கேட்கவில்லை. 'ஐ அப்பொலொஜைஸ்' என்றேன். அழைப்பு முடிந்ததும் எங்கள் பிரிவுக்குப் பொறுப்பான ஹெலன் என்னைக் கூப்பிட்டார்.

"ஏன் அப்பொலொஜைஸ் பண்ணினாய்?"

"அவர் அழுதார்."

"அழுதால் சொறி சொல். அப்பொலொஜைஸ் பண்ணாதே."

"இரண்டும் ஒன்றுதானே?"

ஹெலன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகுதான் அந்தத் தாளை எடுத்து விளக்கினார். சொறி என்றால் உனக்குக் கவலையாக இருக்கிறது, அவ்வளவுதான். அப்பொலொஜைஸ் என்றால் குற்றம் எங்களுடையது; மேலிடத்தைக் கேட்காமல் அதைச் சொல்லக்கூடாது. ரிக்ரெட் என்பது கடிதத்தில் எழுத, முகம் தெரியாதவர்கள் முகம் தெரியாதவர்களுக்கு எழுத. நான் தலையாட்டினேன். ஒரு சொல்லில் கவலையை வைத்து இன்னொன்றில் குற்றத்தைப் பூட்டி வைத்திருக்கும் இந்தச் சாமர்த்தியம் எனக்குப் பிடித்தும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இன்னொரு நாள், கணவர் இறந்துவிட்டார், அவர் காலுக்கு வாங்கிய சப்பாத்தைத் திருப்பி எடுங்கள் என்றார் ஒருவர். சொறி என்றேன். "உன் பிழை இல்லையே, கண்ணே" என்றார் அவர். எங்கள் ஊரில் மௌத்துச் செய்தி வந்தால் யாரும் இப்படிச் சொல்வதில்லை. 'இன்னாலில்லாஹி' சொல்லிவிட்டு, எப்போது அடக்கம் என்று கேட்போம்.

சொறியை எனக்குக் கற்றுத் தந்தவர் ஹெலன் அல்ல. இலங்கையின் கிழக்குக் கரையில், சாய்ந்தமருதில் எங்கள் ஒழுங்கையில் இருந்த நஸீமா டீச்சர். புதிதாக நியமனம் கிடைத்து எங்கள் பாடசாலைக்கு ஆங்கிலம் படிப்பிக்க வந்திருந்தார். ஒரு நாள் நான் பிந்திப் போய், வாசலில் நின்று, 'சொறி டீச்சர்' என்றேன். அவர் சோக்கட்டியைக் கீழே வைத்தார். "உள்ளுக்கு வரக் கேக்கிறதெண்டா எக்ஸ்கியூஸ் மீ. பிழை செஞ்சா சொறி. மத்தவர் சொன்னது காதுல விழல்லெண்டா, குரல உசத்திக் கேக்கணும், சொறீ? எங்க, வெளிய நிண்டு மூண்டையும் சொல்லுங்க பாப்பம்." நான் வெளியே நின்று சொன்னேன். திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். ஆங்கிலத்தில் அது என்னவாக இருந்தாலும் எங்கள் காதில் சொறி சொறிதானே. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து எனக்குப் பெயர் சொறி. பந்து விளையாடப் போனால் சொறி, பள்ளிவாசலுக்குப் போனால் சொறி. பள்ளிக்கூடம் விட்ட பிறகும் அந்தப் பெயர் விடவில்லை.

இந்த இடத்தில் எங்கள் கரைக்கு உரிய ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். மற்றத் தமிழர்களுக்குப் பொருத்தம் என்றதும் கல்யாணப் பொருத்தம்தான் ஞாபகம் வரும். எங்களுக்கு இன்னொன்றும் உண்டு. ஹஜ்ஜுக்குப் போகிறவர் வீடு வீடாகப் போய், "ஏதும் பிழ செஞ்சிருந்தா பொருந்திக்கங்க" என்பார். பொருந்திக்கொள்வது என்றால் மன்னித்து, மனதில் மிச்சம் வைக்காமல் விடுவது. சொறி சொல்பவரின் வாயோடு முடிந்துவிடும். பொருத்தம் அப்படியல்ல, கேட்பவர் எவ்வளவு கேட்டாலும், கொடுப்பவர் கொடுத்தால்தான் உண்டு. என் கதையில் இந்த இரண்டு பொருத்தங்களும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.

எனக்கு இருபது வயதிருக்கும்போது கல்முனைக் கடைத்தெருவில் ஒரு புடவைக்கடையில் வேலைக்கு நின்றேன். நிந்தவூரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நஸீமா டீச்சரை அவர்களுடைய குடும்பத்தில் ஒரு மாப்பிள்ளைக்குப் பேசுகிறார்கள், நான் அதே ஒழுங்கைக்காரன், அவரிடம் படித்தவன், ஆள் எப்படி என்று விசாரித்தார்கள். டீச்சரின் வாப்பா மகளுக்கென்று வீடு கட்டி, வெள்ளையடித்து வைத்திருந்த நேரம் அது. நான் சாரங்களை மடித்துக்கொண்டே சொன்னேன்: "டீச்சர் நல்லவதான். ஆனா வாய் கொஞ்சம் நீளம். ஆம்புளயள மதிக்கிற ஆள் இல்ல." அவர்கள் பிளேன்ரீ குடித்துவிட்டுப் போனார்கள். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

என் சொல்லால்தான் நின்றதா என்று எனக்குத் தெரியாது. வேறு காரணமும் இருந்திருக்கலாம். இப்படிச் சொல்லிச் சொல்லியே இத்தனை வருடம் தப்பித்தேன். அதன் பிறகு வந்த பேச்சுகளும் ஏனோ சரிவரவில்லை. டீச்சர் கல்யாணம் முடிக்கவே இல்லை. வாப்பாவும் உம்மாவும் மௌத்தான பிறகு அந்த வீட்டில் தனியே இருக்கிறார். முன்னறையில் டியூஷன் நடக்கிறது என்று என் தங்கை சொல்வாள். அதைக் கேட்கும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

இந்த வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது வாட்சப்பில் அழைப்பு வந்தது. நஸீமா டீச்சர். தன் தம்பி மஹ்ரமாக, ஆண் துணையாக வர, ஹஜ்ஜுக்குப் போகிறாராம். தங்கையிடம் நம்பர் வாங்கியிருக்கிறார். சுகம் விசாரித்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, உங்கள ஒரு நாள் வகுப்புக்கு வெளிய நிப்பாட்டினன். அதால உங்களுக்கு ஒரு பேரும் வந்திச்சி. அது என்ட மனசுல கிடக்கு. என்னப் பொருந்திக்கங்க."

நான் கேட்க வேண்டியதை அவர் கேட்கிறார். வெட்கத்தில் காது சுட்டது. கடைசியில் வாயில் வந்தது பழகிப்போன அந்த ஒற்றைச் சொல்தான்.

"சொறி, டீச்சர்."

அவர் எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்துவிட்டார். குரலை உயர்த்தினார். "கேக்கல்லையா தம்பி? பொருந்திக்கங்க எண்டு சொன்னன். பொ-ருந்-திக்-கங்க."

காதில் விழாவிட்டாலும் சொறி என்று எனக்கு எப்போதோ படிப்பித்ததை அவர் மறக்கவில்லை. இரண்டாம் முறையும் அவரைக் கேட்கவைத்துவிட்டேனே என்று நினைத்தபோது என்னால் தாங்க முடியவில்லை. "ஓம் டீச்சர், நான் எப்பயோ பொருந்திட்டன்" என்றேன். பிறகு புடவைக்கடையை, நிந்தவூர்க்காரர்களை, நான் சொன்ன வார்த்தைகளை ஒன்றும் குறைக்காமல் சொன்னேன். "பிழ என்னுடையது. என்னப் பொருந்திக்கங்க டீச்சர்."

அழைப்பை வெட்டிவிட்டாரோ என்று திரையைப் பார்த்தேன். இல்லை.

"கேட்டுட்டன் தம்பி" என்றார். குரலில் கோபம் இல்லை. "ஆனா இப்ப பொருந்திட்டன் எண்டு சொன்னா அது பொய். பொய் சொல்லிட்டு ஹஜ்ஜுக்குப் போக ஏலா. போய்ட்டு வந்து சொல்றன், இன்ஷா அல்லாஹ்."

ஸலாம் சொல்லி வைத்துவிட்டார்.

ஹாஜிகள் ஊர் திரும்பிவிட்டார்கள். டீச்சர் வந்து மூன்று வாரம் ஆகிறதென்றும், பார்க்கப் போனவர்களுக்கு ஸம்ஸம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொடுத்தாரென்றும் தங்கை சொன்னாள். அவளுக்கும் கொடுத்தாராம். என்னைப் பற்றி ஏதும் கேட்டாரா என்று நான் விசாரிக்கவில்லை. இது நான் அவசரப்படுத்தக்கூடிய காரியமல்ல.

வேலை நேரத்தில் சொந்தத் தொலைபேசியை மேசையில் வைக்கக் கூடாது என்பது இங்கே சட்டம். ஹெலனிடம் ஊரிலிருந்து முக்கியமான அழைப்பொன்று வரலாம் என்று அனுமதி வாங்கியிருக்கிறேன். என்ன அழைப்பு என்று அவர் கேட்டார். ஒரு பதில் வரவேண்டும் என்றேன். "ஓ, சொறி" என்றார், யாருக்கோ சுகமில்லை என்று நினைத்து. வலது காதில் ஒருவர் பார்சல் வரவில்லை என்கிறார். சொறி என்கிறேன். பரவாயில்லை என்று உடனே சொல்லிவிடுகிறார். இடது பக்கம் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அந்தக் காதைச் சாய்ந்தமருதுக்கு விட்டிருக்கிறேன்.