ஊர்க்கிணற்றுக்கு அனுமதி கிடைத்த வருடம்

எந்த வீட்டில் தண்ணீர் கொடுத்தாலும் அன்னப்பூரணி பெரியம்மா உடனே குடிக்கமாட்டார். கிளாஸைக் கையில் வாங்கிக்கொண்டு, "எங்க அள்ளின தண்ணி?" என்று கேட்பார். பதில் வந்த பிறகுதான் முதல் வாய் வைப்பார். கல்யாண வீடு, செத்த வீடு, ஆசுபத்திரி, எங்கு போனாலும் இதுதான்.

என் அக்காவுக்கு மாப்பிள்ளை பேசக் கிரானுக்குப் போனபோதும் அப்படித்தான். மாப்பிள்ளையின் தாய் தட்டில் தேத்தண்ணீர் கொண்டுவந்து நீட்ட, பெரியம்மா அதே கேள்வியைக் கேட்டார். அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"ஏன்கா, நஞ்சா கலந்திருக்கம்?"

"நஞ்செண்டா மணத்தில தெரியும்கா. உவரெண்டா குடிச்சாத்தான் தெரியும். அதுதான் கேட்டன்."

கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் அக்காவின் மாமியார் எங்கள் வீட்டு ஆட்களுக்குத் தேத்தண்ணீர் கொடுக்கும்போது, "வீட்டுக் கிணத்துத் தண்ணிதான்" என்று சொல்லிக்கொண்டே கொடுப்பார்.

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான். அங்கே படித்த சில புத்தகங்களை வைத்துக்கொண்டு பெரியம்மாவின் இந்தப் பழக்கத்துக்குப் பெரிய பெயர் ஒன்று வைக்கப் பார்த்தேன். பயம், அதிர்ச்சி, நம்பிக்கையின்மை என்று எழுதிப் பார்த்து எல்லாவற்றையும் வெட்டினேன். அவருக்குத் தண்ணீரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஏன் அப்படி என்பதைச் சொல்ல ஊர்க்கிணற்றின் கதையைச் சொன்னால் போதும்.

எங்கள் ஊர் செட்டிபாளையத்துக்குக் கிட்ட, கடலுக்கும் வாவிக்கும் நடுவே உள்ள சின்னப் பட்டினம். பெரியம்மா என் அம்மாவின் அக்கா. சீதனமாக வந்த ஒரே வளவில் இரண்டு வீடுகள், நடுவில் ஒரு கிணறு. பெரியப்பா இளவயதிலேயே செத்துவிட்டார். பெரியம்மா விடியப்புறம் எழும்பி இடியப்பம் அவித்துச் சந்திக் கடைகளுக்குக் கொடுத்து மகளை வளர்த்தார். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் குழைத்த மா பஞ்சுபோல வரும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள்.

சுனாமி அன்று கடல் எங்கள் வளவுக்கு மேலாகப் போய் வாவியில் விழுந்தது. நாங்கள் பள்ளிக்கூடத்து மேல்மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் வடிந்து, செத்தவர்களை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பி வந்தபோது கிணற்றில் கறுப்பாக ஏதோ நின்றது. ஊரே மோட்டர் இரவல் வாங்கி இறைத்தது. உவர் போகவில்லை என்று மறுபடி இறைத்தோம். எங்கள் ஊர் மணலுக்கடியில் மழைத் தண்ணீர் ஒரு மெல்லிய படையாகக் கிடக்கிறது என்பதும், கூடுதலாக இறைத்தால் அந்தப் படை கரைந்து கீழேயிருந்து உப்புத் தண்ணீர் ஏறும் என்பதும் பிறகுதான் தெரியவந்தது. துப்புரவு செய்கிறோம் என்று நினைத்து எங்கள் கிணறுகளை நாங்களே கெடுத்துக்கொண்டோம். பெரியம்மாவின் இடியப்பம் கரித்தது. கடைக்காரர்கள் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, பெட்டியை அப்படியே திருப்பி அனுப்பினார்கள்.

பிறகு தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி வந்தது. சந்தியில் பவுசர் நின்றால் அங்கே அதிகாரி பெரியம்மாதான். குடத்தை முன்னுக்குத் தள்ளுகிறவரை, "உமக்கு மட்டுமா தொண்டை கிடக்கு?" என்று கேட்டுப் பின்னுக்கு அனுப்புவார். அந்த வாய்க்காகத்தான் ஊர்க்கிணற்றுச் சங்கத்துக்கு அவரைத் தலைவியாகப் போட்டார்கள் என்று நினைக்கிறேன்.

கடற்கரைப் பக்கத்து மணல் மேட்டில் ஒரு தொண்டு நிறுவனம் பெரிய கிணறொன்று தோண்டித் தந்தது. கொங்கிறீட் மூடி, இரும்புக் கதவு, ஆமைப்பூட்டு எல்லாம் போட்டார்கள். தண்ணீரில் உவர் இல்லை. ஆனால் மோட்டரும் தாங்கியும் தெருக் குழாய்களும் குளோரின் விடுகிற கருவியும் வருவதற்குள் மறுபடி சண்டை மூண்டது. வவுணதீவுப் பக்கத்துச் சனம் வாவி கடந்து வந்து எங்கள் பள்ளிக்கூடத்தையும் அதைச் சுற்றிய வளவுகளையும் நிரப்பியது. மணல் மேட்டிலும் கொட்டில்கள் எழும்பின. கழிப்பறைக் குழிகள் அவசரமாக வெட்டப்பட்டன. பவுசர் தண்ணீர் போதவில்லை. சனம் கிடைத்த கிணற்றில் அள்ளிக் குடித்தது. பெரியம்மாவின் பேத்தி ஆர்த்திகாவுக்கு வயிற்றோட்டம் பிடித்து, கண் செருகி, ஆசுபத்திரியில் சேலைன் ஏற்றி ஆளைத் திருப்பி எடுத்தார்கள்.

அந்த நாட்களில்தான் ஹமீட் எங்கள் ஊருக்கு வந்தார். ஏறாவூர்க்காரர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர். கிணறு கிணறாகப் போய்த் தண்ணீர் எடுத்துப் பார்த்து, கூடாததற்குச் சிவப்புப் பூச்சால் அடையாளம் போட்டார். பெரியம்மா அவரிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் 'சேர்' என்பார். பயம் தெளிந்துவிட்டால் 'தம்பி' ஆகிவிடும்.

சண்டை எங்கள் பக்கத்தில் ஓய்ந்து, சனம் திரும்பிப் போய், கொட்டில்கள் பிரிக்கப்பட்டு, இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டில்தான் மோட்டர் வந்தது. பிரதேச சபைக் களஞ்சியத்தில் அது பெட்டிக்குள் கிடந்தது. கிணற்றுத் தண்ணீரில் கிருமி இல்லை என்று ஆய்வுகூடம் சொல்ல வேண்டும். அதை வைத்து ஹமீட் எழுத வேண்டும். அதன் பிறகுதான் மோட்டர் பொருத்தலாம், குளோரின் விடலாம். கிணறு சரிவராவிட்டால் மோட்டர் வேறொரு ஊருக்குப் போய்விடும். பவுசரோ ஆவணியோடு நிற்கப் போகிறது.

ஹமீட் கிணற்றைக் கழுவுவித்து, மருந்து போட்டு, பூட்டிச் சாவியைப் பெரியம்மாவிடம் கொடுத்தார்.

"மருந்து அடங்கின பிறகு வந்து போத்தலில எடுப்பன் அக்கா. அதுவரைக்கும் ஒரு வாளி கூட இறங்கப்படா."

"கண்ணுக்குள்ள வச்சிருக்கிறன் சேர்."

அது வைகாசி. கண்ணகி அம்மன் கோயிலில் சடங்கு நடந்துகொண்டிருந்தது. வன்னியில் சண்டை முடிந்துவிட்டதென்று வானொலி சொல்லிச் சில நாட்கள் ஆகியிருந்தன. ஊரில் யாரும் அதைப் பற்றிச் சத்தமாகக் கதைக்கவில்லை. பிள்ளைகள் அங்கே போயிருந்த வீடுகள் எவை என்று எல்லோருக்கும் தெரியும்.

சடங்கின் கடைசி நாள் குளிர்த்தி. மஞ்சளும் பாலும் இளநீரும் கலந்த பானையில் வேப்பிலை போட்டு, பாட்டுப் படித்து அம்மனைக் குளிரப் பண்ணுவார்கள். அந்தத் தீர்த்தத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசலில் தெளித்து, மிச்சத்தைக் கிணற்றில் ஊற்றுவது எங்கள் ஊர் வழக்கம். அந்த முறை பெண்கள் செம்புகளோடு நேரே மணல் மேட்டுக்கு வந்துவிட்டார்கள். இது எல்லோருக்கும் பொதுவான கிணறு. அம்மன் முதலில் குளிர வேண்டியது இதில்தான் என்பது அவர்களுடைய எண்ணம்.

முன்னுக்கு நின்றவர் சீதேவிப்பிள்ளை. வன்னியில் இருந்த மகனிடமிருந்து மாசியிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

"துறகா பூரணி."

"ஏலாது. ஹமீட் சேர் சொல்லிப் போட்டுப் போயிருக்கார்."

"ஊரில வேற என்னத்த நான் கேட்டன்? இந்த வருசமாவது எல்லாம் குளிரட்டும்கா. ஒரு செம்புதானே."

பெரியம்மா திறந்தார். ஒரு செம்பு ஊற்றினால் மற்றச் செம்புகள் சும்மா இருக்குமா? எல்லாம் ஊற்றினார்கள். யாரோ வேப்பிலைக் கொத்தையும் போட்டார்கள். பெரியம்மா மறுபடி பூட்டி, சாவியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தார்.

ஹமீட் வந்து போத்தலில் எடுத்துப் போனார். முடிவு வந்தது. தண்ணீரில் கிருமி இருந்தது.

"அந்த நேரம் வெட்டின கழிப்பறைக் குழிகள்தான் அக்கா," என்றார் ஹமீட். "ஊறிக் கிணத்துக்கு வருது போல. அப்பிடியெண்டா எத்தனை தரம் கழுவினாலும் சரிவராது. மூடச் சொல்லித்தான் நான் எழுதவேணும்."

அன்று பின்னேரம் கோயில் முன்றலில் பெரியம்மா விஷயத்தைச் சொன்னார். குழியில் பிழை இல்லை, குளிர்த்தித் தண்ணீர்தான் காரணமாக இருக்கும், போய்ச் சொல்லப் போகிறேன் என்றார். கோயில் வண்ணக்கர் நல்லரத்தினம் கொதித்துப்போனார். கோயில் பொறுப்பு முழுக்க அவரிடம்தான்.

"அம்மன்ட தண்ணியால கிணறு பழுதாப் போச்செண்டு சொல்லப் போறியா? அதுவும் வேற சமயத்து ஆளிட்ட?"

"அம்மன்ட தண்ணியில பிழை இல்ல அண்ணன். ஊத்தின இடம் பிழை. துறந்தவ நான்."

"சொன்னா ஊர் சிரிக்கும்."

"சொல்லாட்டி ஊர் உவர் குடிக்கும்."

அடுத்த நாள் காலையில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு சுகாதாரப் பணிமனைக்குப் போனார். அங்கே நடந்ததை அம்மா எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் சிரிப்பார்.

"சேர், குழியில பிழை இல்ல. பிழை என்னில," என்று தொடங்கிப் பெரியம்மா எல்லாவற்றையும் சொன்னார். ஹமீட் பேனையை மூடிவிட்டுக் கேட்டார்.

"மஞ்சள் கலந்ததா?"

"ஓம் சேர்."

"பாலும்?"

"பாலும்."

"இளநி?"

"ஓம்."

"வேப்பிலையும் போட்டிருப்பீங்க."

"அது இல்லாம எப்பிடி சேர்?"

"அப்ப கிருமிக்கு விருந்தே வச்சிருக்கிறீங்க அக்கா."

அம்மா இந்த இடத்தில்தான் சிரிப்பார். பெரியம்மா அப்போது அழுதுகொண்டிருந்தாராம். ஹமீட் குரலைத் தாழ்த்தினார்.

"எங்கட பக்கத்திலயும் ஓதித் தந்த தண்ணியக் கிணத்தில ஊத்துற ஆக்கள் இருக்கு. என்ட உம்மாவே ஊத்துவா. மகன் இந்த வேலை செய்றானே எண்டும் பார்க்கமாட்டா."

பெரியம்மா சேலைத் தலைப்பிலிருந்து சாவியை அவிழ்த்து மேசையில் வைத்தார். ஹமீட் அதைத் தொடவில்லை.

"நீங்க சொன்னதுக்காக நான் அனுமதி எழுதேலா. மறுகா கழுவி, மருந்து போட்டு, மறுகா எடுப்பம். கிருமி இல்லாட்டி நீங்க சொன்னது சரி. இருந்தா குழிதான் காரணம். நான் மூடத்தான் எழுதுவன். சம்மதமா?"

"சம்மதம் சேர்."

"சாவிய எடுங்க. இனி நீங்க துறக்கமாட்டீங்க."

பெரியம்மா அதற்குப் பிறகு சரியாகத் தூங்கவில்லை. உண்மையைச் சொல்லியாயிற்று, அந்த உண்மைதான் முழுக் காரணமா என்று அவருக்கே தெரியாது. குழியும் ஊறியிருந்தால்? வண்ணக்கர் வீதியில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாம் முறை கிணற்றைக் கழுவியபோது ஹமீட் பக்கத்திலேயே நின்று, பாதிக்கு மேல் இறைக்க விடவில்லை. உவர் ஏறிவிடும் என்பது அதற்குள் எங்கள் எல்லோருக்கும் பாடமாகியிருந்தது. சீதேவிப்பிள்ளை தானாகவே வந்து தும்புத்தடி எடுத்துக் கிணற்றுக் கட்டைத் தேய்த்தார். பெரியம்மா மற்றப் பக்கத்தைத் தேய்த்தார்.

ஆடி நடுவில் ஹமீட் மோட்டார் சைக்கிளை எங்கள் வாசலில் நிறுத்தினார். பெரியம்மா இடியப்பம் பிழிகிற கையுரலோடு வெளியே வந்தார். ஹமீட் ஹெல்மெட்டைக் கழற்ற முன்னமே சொல்லிவிட்டார்.

"ஒண்டும் இல்ல அக்கா. சுத்தம். கையெழுத்தும் வச்சாச்சு, மோட்டர் வருது."

பெரியம்மா அப்படியே மணலில் குந்திவிட்டார். உரல் கையில்தான் இருந்தது. "தம்பி, தம்பி," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உள்ளேயிருந்து அம்மா, "அடுப்பில மா அவியுதுகா!" என்று கூப்பிட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. யாரும் போகவில்லை. அன்றைய மா கருகியது. அதைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை.

ஆவணியில் குழாய்களில் தண்ணீர் விட்டார்கள். கடைசிக் குழாய் சீதேவிப்பிள்ளையின் படலைக்கு முன்னால். கிணற்றில் விடும் குளோரின் கடைசிக் குழாய்வரை வந்து சேருகிறதா என்று பார்த்தால்தான் வேலை முடியும். ஹமீட் சின்னக் கண்ணாடிக் குழலில் தண்ணீர் பிடித்து, ஒரு குளிசையைப் போட்டுக் குலுக்கினார். தண்ணீர் மெதுவாக ரோசா நிறமானது.

"இருக்கு. அளவா இருக்கு."

சனம் கைதட்டியது. நல்லரத்தினம் வண்ணக்கரும் ஒரு செம்போடு வந்து நின்றார். பிடித்து, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், முகத்தைச் சுளித்தார்.

"ஆசுபத்திரி மணம் மணக்குது."

"ஆசுபத்திரிக்குப் போகாம இருக்கத்தான் அண்ணன்," என்றார் பெரியம்மா.

வண்ணக்கர் குடித்துப் பார்த்தார். "உவர் இல்லத்தான்," என்று சொல்லி மறுபடி செம்பை நீட்டினார்.

பெரியம்மா வீட்டிலிருந்து புதுக் கிளாஸ் ஒன்று கொண்டுவந்திருந்தார். அதைக் கழுவி நிறையப் பிடித்து ஹமீட்டிடம் நீட்டினார். முதல் கிளாஸ் அவருக்கென்று முதல் நாளே சொல்லிவைத்திருந்தார்.

"அக்கா, நோன்பு," என்றார் ஹமீட்.

பெரியம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயோ தம்பி, அயத்துப் போனன்! அப்ப எடுத்து வைக்கிறன்."

"எடுத்து வைச்சாக் கிருமி வரும். பெருநாள் கழிஞ்சு வாறன், புதுசாப் பிடிச்சுத் தாங்க."

பெருநாளுக்கு முன்னமே அவருக்குத் திருகோணமலைப் பக்கம் மாற்றம் வந்துவிட்டது. ஒரு நாள் போத்தலில் பிடித்துக்கொண்டு போக வேண்டும் என்று பெரியம்மா அடிக்கடி சொல்வார். இடியப்பம் மறுபடி பஞ்சுபோல வந்தது, கடைகள் கூடின, ஆர்த்திகா பெரிய வகுப்புக்குப் போனாள். சீதேவிப்பிள்ளையின் மகன் வரவில்லை. ஒவ்வொரு வைகாசியும் இரண்டு பேருமாகக் குளிர்த்தித் தண்ணீரை எங்கள் வளவுத் தென்னையடியில் ஊற்றினார்கள். இப்படியே வருடங்கள் போய், இரண்டாயிரத்துப் பதினேழில் பெரியம்மா நெஞ்சு வலியில் செத்துப்போனார்.

ஹமீட் ஓய்வு பெற்று ஏறாவூரில்தான் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். பஸ்ஸில் போனால் பெரிய தூரமில்லை. நான் போத்தலைக் கொண்டுபோய் நீட்டினால் அது பெரியம்மா கொடுத்ததாக ஆகுமா என்று யோசித்துக்கொண்டே நாட்கள் போகின்றன. அந்த ஒரு கிளாஸ் தண்ணீர் ஹமீட்டுக்கு இன்னும் கொடுபடவில்லை.