பேராசிரியர் வீட்டு அடுப்பில் ஒரு வெளிநாட்டுப் படம்

நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனால் பாலைப் பற்றி என்னிடம் வாதம் பண்ண ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆள் கிடையாது. அடுத்தவர் கடையில் சட்டி கழுவி ஆரம்பித்து, இன்று ஆறு அடுப்பு வைத்துப் பால்கோவா போடுகிறேன். எதில் அடி பிடிக்கிறது என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவேன்.

என் மகனுக்கு ராஜபாளையத்தில் பெண் பார்த்திருந்தோம். இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. பெண்ணின் அப்பா மட்டும் "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று இழுத்தார். ரிட்டையர்டு பேராசிரியர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டு மாடியில் நாலு பேரைக் கூட்டி வெளிநாட்டுப் படம் போடுவார். "நீங்களும் வாங்க அண்ணாச்சி" என்றார். என்னை எடை போடத்தான் கூப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியாதா?

"பையன் மூஞ்சி வாடிக் கெடக்கு. அங்க போயி பீத்தாதிய" என்று சொல்லித்தான் வீட்டுக்காரி அனுப்பினாள்.

படம் முழுக்கப் பனி. ஒருத்தி அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். மற்றவர்கள் தீபாராதனை பார்க்கிற மாதிரி அசையாமல் இருந்தார்கள். எனக்கோ பால் நினைப்புதான். கேமரா அவள் முகத்தைச் சுற்றிவிட்டு அடுப்புக்குத் திரும்பியபோது நுரை விளிம்புக்கு ஏறிவிட்டது. எழுந்து கத்திவிட்டேன்.

"ஏட்டி, பால் பொங்குது! தீயக் கொறை!"

எல்லாரும் சிரித்தார்கள். பேராசிரியர் சிரிக்கவில்லை. படம் முடிந்ததும் விளக்கம் சொன்னார்: அந்தக் காட்சி பத்து நிமிசம், வெட்டே கிடையாது, ஒரு துளி ஏமாற்று கிடையாது, அதுதான் அந்த டைரக்டரின் பெருமை.

அங்கே நான் சும்மா இருந்திருக்க வேண்டும்.

"சார், அவ மூஞ்சியக் காட்டுன நேரத்துல பாலை மாத்திருக்கான்."

"என்ன சொல்லுதிய?"

"அம்புட்டு நேரம் சின்னத் தீயில, கிண்டாம நின்ன பாலு ஆடை கட்டணும்லா? ஒரு பொட்டு ஆடை இல்லையே!"

"முப்பது வருசமா இந்தப் படத்தைப் பத்தி வகுப்பெடுத்திருக்கேன் அண்ணாச்சி."

"நாப்பது வருசமா நான் பாலைப் பாக்கேன் சார்."

"வாங்க, பாத்துருவோம்" என்று கையைப் பிடித்து இழுத்தே போய்விட்டார் அடுப்படிக்கு. அங்கே அவருக்கு லைட்டர் எது, பால் பாத்திரம் எது என்றே தெரியவில்லை. அவர் வீட்டம்மாதான் எடுத்துக் கொடுத்துவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாக நின்றார்கள். நாங்கள் இரண்டு பேரும் சட்டிக்குள் தலையை விட்டபடி நின்றோம். ஏழாவது நிமிசம் ஆடை கட்டியது. அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, என்னை அங்கேயே விட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

சம்பந்தம் போச்சு என்று எனக்குப் புரிந்தது. மகனிடம் என்ன சொல்ல? ஊர் வந்து சேரும்வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்காரி போனும் கையுமாக நின்றாள். "அங்க என்ன பண்ணிட்டு வந்திய?"

"ஜெயிச்சிட்டேன்" என்றேன், மெதுவாக.

"பொண்ணோட அம்மா பேசினாவ. கல்யாணமான நாள்ல இருந்து அவிய வீட்டுக்காரர் அடுப்படில நின்னது இன்னிக்குத்தானாம். 'நீங்க யோசிச்சது போதும், உங்கள அங்க நிக்க வச்ச வீட்டுக்கே பொண்ணக் குடுக்கோம்'னு அவர்ட்ட சொல்லிட்டாவளாம். அவரும் சரின்னுட்டாராம்."

மகன் உள்ளேயிருந்து ஓடி வந்தான். நான் துண்டை உதறித் தோளில் போட்டேன். "பாத்தியாலே, அப்பன் சாமர்த்தியத்த!"

"ஆமா, அந்தம்மா சாமர்த்தியம்" என்றபடி வீட்டுக்காரி நாள் பார்க்கக் காலண்டரை எடுத்தாள்.